ஸ்கேனரின் ‘தீர்வு’ கட்டம்: நாலு வருடமாகத் தீராத தலைவலி

சர்வர்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டது. கூடவே ஒரு நண்பரின் கேள்வியும்: “ஸ்கேனர் தர்ற பிடிஎஃப்பை அப்படியே கஸ்டமருக்கு அனுப்பிடலாமா?” அனுப்பலாம். யாரும் எதையும் சரிசெய்ய வேண்டாம் என்றால் தாராளமாக அனுப்பலாம்.

எந்த ஸ்கேனர் என்று பெயர் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் பெரும்பாலானவை ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகம், பிளகின் (ஓட்டைகளைத் தேடும் சோதனை நிரல்) அப்டேட், ஏஜென்ட் (சர்வரிலேயே உட்கார்ந்து பார்க்கும் சிறு மென்பொருள்) எல்லாம் சரி. எரிச்சல் ஒரே ஒரு கட்டத்தில். ரிப்போர்ட்டில் ‘தீர்வு’ என்று தலைப்பு போட்டு வருகிறதே, அது.

2024 ஜூலை 1 அன்று வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்) ஓட்டையை எடுத்துக்கொள்வோம், சிவிஇ-2024-6387. சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண். 8.5பி1 தொடங்கி 9.8பி1-க்கு முந்தைய பதிப்புகள் வரை பாதிப்பு. ஸ்கேனர் சொல்லும் தீர்வு: ‘9.8பி1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மேம்படுத்தவும்’. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரெட் ஹாட் 9 (ஒரு லினக்ஸ் வகை) வைத்திருக்கும் சர்வர் அட்மினுக்கு இது எதற்கும் உதவாது. அன்றைக்கு அந்த ரெப்போவில் (ரெட் ஹாட் தன் பேக்கேஜ்களை வைக்கும் கிடங்கு) 9.8பி1 என்று ஒன்று கிடையவே கிடையாது. ரெட் ஹாட் தன்னிடம் இருந்த 8.7பி1-லேயே திருத்தத்தைப் பின்கொண்டுவந்து (புதிய பதிப்பின் திருத்தத்தைப் பழையதிலேயே சேர்த்து) 8.7பி1-38.இஎல்9_4.1 என்று வெளியிட்டது. பதிப்பு எண் அப்படியே நிற்கும், வால் மட்டும் மாறும். லாகின் இல்லாமல் வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனருக்கு அந்த வால் தெரியாது. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் பேனரிலாவது (இணைந்ததும் சர்வர் தரும் அறிமுக வரி) பேக்கேஜ் எண்ணும் சேர்ந்து வரும்; 22.04-ல் ‘3உபுண்டு0.10’ என்று கண்ணுக்குத் தெரியும். ரெட் ஹாட் பேனர் 8.7 என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பேட்ச் ஏற்றிய பிறகும் அடுத்த மாத ரிப்போர்ட்டில் அதே சிவப்பு வரி.

இதில் மோசமான விளைவு, சொன்னதைச் சொன்னபடி செய்யும் அட்மினால் வருவது. தீர்வில் 9.8பி1 என்று இருக்கிறதே என்று சோர்ஸை இறக்கி, கம்பைல் செய்து போட்டுவிடுவார். சிவப்பு பச்சையாகிவிடும். ஆனால் அப்படி உருவான பைனரி (ஓடும் நிரல்) இப்போது, மென்பொருள்களை ஏற்றி நிர்வகிக்கும் பேக்கேஜ் மேனேஜரின் கணக்கிலேயே இல்லை. அடுத்த ஓட்டைக்கு டிஎன்எஃப் (ரெட் ஹாட்டின் பேக்கேஜ் மேனேஜர்) ஏற்றும் அப்டேட் அதைத் தொடாது. சிஸ்டம் முழுவதற்கும் போட்டு வைத்த கிரிப்டோ பாலிசியும் (எந்தக் குறியாக்க முறைகளை அனுமதிப்பது என்ற விதி) அதற்குப் பொருந்தாமல் போகலாம். ரிப்போர்ட் அழகாகிவிட்டது, சர்வர் கெட்டுவிட்டது.

ஆகவே அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு நாமே எழுத வேண்டியிருக்கிறது. அட்மினுக்குப் போகும் வரி ஏறக்குறைய இப்படி இருந்தால் போன் வராது:

‘ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர் பேக்கேஜை 8.7பி1-38.இஎல்9_4.1 அல்லது அதற்கு மேற்பட்ட ரிலீஸுக்கு டிஎன்எஃப் மூலம் ஏற்றவும். வேலை முடியும்வரை தனியாக ஒரு கன்சோல் திறந்திருக்கட்டும். சர்வீஸ் கடைசியாகத் தொடங்கிய நேரத்தைப் பார்த்து, ரீஸ்டார்ட் ஆனதை உறுதி செய்யவும். சரிபார்ப்பு: ஆர்பிஎம் சேஞ்ச்லாகில் இந்த சிவிஇ எண் வர வேண்டும். இன்றே முடியாவிட்டால் எஸ்எஸ்எச்டி கான்ஃபிகில் லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்கவும். இதனால் பாதியில் நிற்கும் இணைப்புகள் விலகாமல் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் இடங்களை நிரப்பி, நம் ஆட்களே நுழைய முடியாமல் போகலாம். பேட்ச் ஏறியதும் பழைய மதிப்புக்குத் திருப்பவும்.’

ஆர்பிஎம் சேஞ்ச்லாக் என்பது பேக்கேஜின் மாற்றப் பதிவு. லாகின்கிரேஸ்டைம் என்பது லாகினை முடிக்கத் தரும் நேரம், 0 என்றால் வரம்பே இல்லை. மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் என்பது லாகின் முடியாத இணைப்புகள் ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம் என்ற வரம்பு. இப்படித் தற்காலிக வழியால் வரும் தொல்லையையும், அதை எப்போது திருப்புவது என்பதையும் எந்த ஸ்கேனரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் அந்த 0 இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே கிடக்கும்.

ரீஸ்டார்ட்டை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி, பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளில் பேக்கேஜ் புதிதாக இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய லைப்ரரியை மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும். பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் பச்சை காட்டிவிடும். லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டி, ‘நீக்கப்பட்டது’ என்று குறி விழுந்த ஃபைல்களை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

டெவலப்பருக்கு இதே வரியை அனுப்பினால் அவர் படிக்கவே மாட்டார். 2021 டிசம்பரில் லாக்4ஜே (ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லைப்ரரி) ஓட்டை வந்தபோது ‘2.15.0-க்கு மாறவும்’ என்றது தீர்வு. சில நாளில் அந்தத் திருத்தம் முழுமையில்லை என்று சிவிஇ-2021-45046 வந்தது, முதலில் 10-க்கு 3.7 சிவிஎஸ்எஸ் (ஓட்டையின் தீவிரத்தைக் காட்டும்) மதிப்பெண், பிறகு அதையே 9.0 ஆக்கினார்கள். 2.16.0, 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. தேதி போடாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த எண் சரி என்று சண்டை போட்டவர்கள் நிறைய. பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ‘இந்தத் தேதி நிலவரப்படி’ என்று ஒரு சொற்றொடர் போட என்ன செலவு?

டெவலப்பருக்கு வேண்டியது வேறு: எந்த ஜாருக்குள் (ஜாவா நிரல்களைக் கட்டி வைத்த ஃபைல்), எந்தப் பாதையில் கிடக்கிறது, நேரடியாகச் சேர்த்த எந்த லைப்ரரி இதை உள்ளே இழுத்து வந்தது. மேவன் (ஜாவா பில்டு கருவி) காட்டும் டிபென்டன்சி ட்ரீயில், அதாவது எந்த லைப்ரரி எதை இழுக்கிறது என்ற பட்டியலில், அந்த இரண்டு மூன்று வரியை வெட்டி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. லாக்4ஜே-ஏபிஐ மட்டும் இருந்து லாக்4ஜே-கோர் இல்லையென்றால் இந்த ஓட்டை அங்கே இல்லை என்பதையும் அனுப்புவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். ஒரு தடவை பொய் அலாரம் அனுப்பினால், அடுத்து அனுப்பும் நிஜ அலாரமும் ஸ்ப்ரின்ட் வேலைப் பட்டியலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். தீர்வு கட்டத்துக்குப் பக்கத்திலேயே, பிடிஎஃப்பில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் ‘பிளகின் வெளியீடு’ கட்டம் தங்கம். ஜாரின் முழுப் பாதை அங்கேதான் இருக்கும். விண்டோஸில் சிவிஇ-2013-3900 என்று ஒரு கிழட்டு வரி மாதா மாதம் வருமே, அதற்குப் பேட்ச் மட்டும் போதாது. கையெழுத்திட்ட ஃபைலில் கூடுதலாக ஏதும் சொருகியிருக்கிறதா என்று பார்க்கும் சான்றிதழ் பேடிங் சோதனையை, விண்டோஸ் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நாமே இயக்க வேண்டும், 64 பிட் கணினியில் இரண்டு இடத்தில். எந்த இடத்தில் விடுபட்டது என்று பிளகின் வெளியீடு துல்லியமாகச் சொல்லும். “பேட்ச் போட்டாச்சே!” என்ற வாதம் அங்கே முடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் சிஎஸ்வி, அதாவது எக்செலில் திறக்கக்கூடிய பட்டியல். ஓட்டைவாரியாக இல்லாமல் திருத்தவாரியாக பிவட் போட்டு (தொகுத்து) பாருங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய வேலைகளாகச் சுருங்கும். விண்டோஸ் கியூமுலேட்டிவ் அப்டேட்டில் கடைசியாக வந்த ஒன்றைப் போட்டால் முந்தைய மாதங்களின் வரிகளும் சேர்ந்து போய்விடும்; ஒவ்வொரு கேபி (மைக்ரோசாஃப்ட் அப்டேட்) எண்ணையும் தனித்தனி டிக்கெட்டாகத் திறப்பது வீண். ‘இந்த வேலையைச் செய்தால் இத்தனை வரி அழியும்’ என்று டிக்கெட்டில் எழுதினால், அட்மின் முகத்தில் கொஞ்சம் சிரிப்புகூட வரும்.

மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்கேனரின் முதல் பக்கத்து வண்ண வட்டத்தைக் கொடுக்கவே கூடாது. லாகின் கொடுத்து ஸ்கேன் செய்ய ஆரம்பித்த மாதத்தில் எண்ணிக்கை எகிறும், ஏனென்றால் இப்போதுதான் உள்ளே இருப்பது தெரிகிறது. மேலே இருப்பவர்களோ டீம் தூங்குகிறது என்று முடிவு கட்டுவார்கள். சிவிஎஸ்எஸ் எண்ணையும் ஆபத்தின் அளவாக நீட்டக்கூடாது. மேலே சொன்ன ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டைக்கு 8.1. ஆனால் அதைக் கண்டுபிடித்த குவாலிஸ் நிறுவனத்தின் கணக்குப்படியே, 32 பிட் லினக்ஸில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி வேண்டும். 8.1 வாங்கிய இன்னொன்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவின் ‘சுரண்டப்படுவது உறுதியான ஓட்டைகள்’ பட்டியலில் இருந்தால், அதுதான் முதலில். மேனேஜ்மென்ட் பக்கத்தில் கேட்க வேண்டியது முடிவு: ‘பணம் கட்டும் தளம் ஞாயிறு இரவு 40 நிமிடம் நிற்க அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால், எந்தத் தேதிவரை இந்த ஆபத்தை ஏற்கிறோம் என்று கையெழுத்திட ஒருவர் வேண்டும்.’ சிவிஇ எண் ஒன்றுகூட இல்லாமல் இதை எழுதிவிடலாம்.

ஆடிட்டருக்கு உரைநடை தேவையில்லை, சாட்சி போதும். முன் ஸ்கேன், பின் ஸ்கேன், இரண்டும் ஒரே பாலிசியில், டிக்கெட் எண், விதிவிலக்கு இருந்தால் காலாவதித் தேதி. கார்டு பணப் பரிவர்த்தனைக்கான பிசிஐ பாதுகாப்பு விதிப்படியான வெளி ஸ்கேனில் சிவிஎஸ்எஸ் 4.0 தொட்டாலே பொதுவாகத் தோல்வி என்பதால், பின்கொண்டுவந்த திருத்தங்களை வாதாடியே எடுக்க வேண்டும்: ரெட் ஹாட் அறிவிப்பு எண் ஆர்எச்எஸ்ஏ-2024:4312, கூடவே ஹோஸ்ட்நேமும் நேரமும் தெரியும் ஆர்பிஎம் வெளியீடு. ஓரம் வெட்டிய ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

லாகின் கொடுத்து ஓட்டினால் ரெட் ஹாட் தொல்லை பெருமளவு குறையும் என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்வி நன்று, பிளகின் வெளியீடு மிக நன்று. இத்தனைக்கும் பிறகு 5-க்கு 2 தான் போடுவேன். காசு வாங்கும் பொருள், ‘வென்டரை அணுகவும்’ என்று இன்னமும் தீர்வு எழுதுகிறது. லைசென்ஸ்? புதுப்பித்தாகிவிட்டது. நண்பருக்கு ஒரே யோசனை: பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பொத்தானை அட்மின் ரோல் தவிர மற்ற எல்லோருக்கும் மூடி வையுங்கள்.