பழைய குதிரை லாயத்தில் ஒரு மௌனப்படம்

பாட்ஸ்டாம் திரைப்பட அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று கூரையைப் பாருங்கள். திமிறும் குதிரைகளும் அவற்றை அடக்கப் பார்க்கும் ஆட்களுமாக மேலே ஒரு கற்சிலைக் கூட்டமே நிற்கிறது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அரண்மனைக் குதிரை லாயம். 1685இல் ஆரஞ்சு மரங்களைப் பனிக்காலத்தில் காப்பாற்றி வைக்கத்தான் கட்டினார்கள். 1714இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் மரங்களை அப்புறப்படுத்திவிட்டுக் குதிரைகளைக் கட்டினார். 1746இல் கட்டடக் கலைஞர் க்னோபெல்ஸ்டார்ஃப் அதை இன்னும் நீளமாக்கினார். பக்கத்திலிருந்த அரண்மனை 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் எரிந்துபோய், மிச்சமும் பிற்பாடு இடிக்கப்பட்டது. லாயம் தப்பித்துக்கொண்டது. 1981இலிருந்து அதற்குள் சினிமா குடியிருக்கிறது.

நான் பெர்லினில் வேலை பார்க்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அப்பாவை எங்கே கூட்டிப்போவது என்று யோசித்தபோது இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது. தாத்தா ஜட்கா வண்டி ஓட்டியவர். அப்பா சின்ன வயதில் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்து, புல்லுக்கட்டு சுமந்து வளர்ந்தவர். “லாயத்துக்குள்ள கொட்டகையா? வாம்மா, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று உடனே கிளம்பிவிட்டார். பெர்லினிலிருந்து எஸ் 7 ரயிலின் கடைசி நிறுத்தம் பாட்ஸ்டாம். இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் லாயம் வந்துவிடுகிறது. வயதானவர்களும் நிதானமாக நடந்துவிடலாம்.

அன்றைய படம் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1921இல் எடுத்த ‘டி பெர்க்காட்ஸ’. மலைப்பூனை என்று பொருள். சாகசமும் சிரிப்பும் சரிபாதியாகக் கலந்த படம். பனிமலையில் ஒரு கோட்டை, அதற்கு எதிரே ஒரு கொள்ளைக் கூட்டம். கொள்ளையர் தலைவனின் மகள் ரிஷ்காவாகப் போலா நேக்ரி. அந்தக் கோட்டைக்கு மாற்றலாகி வரும் அழகன் லெப்டினன்ட் அலெக்சிஸ். அவன் பழைய ஊரை விட்டுக் கிளம்பும்போது தெரு முழுக்கப் பெண்கள் அழுதபடி கையசைக்கிறார்கள். சரி, மன்மதன்தான் என்று நினைத்து முடிப்பதற்குள், “அப்பா, போய்வாருங்கள்” என்று அவனுக்குக் கையாட்ட ஒரு குழந்தைப் பட்டாளம் வந்து நிற்கிறது. என் அப்பா சத்தமாகச் சிரித்தது அங்கேதான். வழியில் ரிஷ்காவின் கூட்டம் மறித்து, அலெக்சிஸின் கால்சட்டை வரை உருவிக்கொண்டு பனியில் விட்டுவிடுகிறது.

இந்தப் படத்தில் திரை நேராகவே இருப்பதில்லை. காட்சிக்குக் காட்சி சட்டத்தின் வடிவம் மாறுகிறது. ஒன்று முட்டை மாதிரி, ஒன்று சாய்ந்த பட்டை மாதிரி, ஒன்று பல்வரிசைக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி. எர்ன்ஸ்ட் ஷ்டெர்ன் போட்ட கோட்டை அரங்கில் வளைவும் சுருளுமாக, அலங்காரக் கேக்கைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ரிஷ்காவை மணக்கும் கோழைப் பையன் பேப்போ அழுகிற அழுகையில் கண்ணீர் ஓடையாகி மலையிலிருந்து கீழே ஓடுகிறது. வசனமே தேவையில்லாத நகைச்சுவை. நடுவே வரும் ஜெர்மன் எழுத்து அட்டைகளை மட்டும் அப்பாவின் காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் படத்துக்கு மேல், “வேண்டாம்மா, புரியுது” என்று கையமர்த்திவிட்டார்.

இத்தனை அருமையான படம் வெளிவந்த காலத்தில் ஓடவில்லை. பட்டாளத்தைக் கேலி செய்வதை ரசிக்கும் மனநிலையில் போர் முடிந்த ஜெர்மனி அப்போது இல்லை என்று லூபிட்சே பிற்பாடு எழுதியிருக்கிறார். தோற்று ஓடிவரும் சிப்பாய்களுக்கு வெற்றி விழா எடுக்கும் காட்சியைப் பார்த்தால் அவர் சொல்வது விளங்கும்.

இனி ஆர்கன், காற்றுக்குழாய்களில் ஒலிக்கும் பெரிய விசைப்பலகை வாத்தியம். இந்த அரங்குக்கு உங்களை நான் போகச் சொல்வதே அதற்காகத்தான். ஃபிரைபுர்க்கின் வெல்டே நிறுவனம் 1929இல் கெம்னிட்ஸ் நகரின் லூக்சர் திரையரங்குக்குச் செய்துகொடுத்தது அது. மௌனப்படத்துக்கென்றே பிறந்த வாத்தியம். தேவாலய ஆர்கனில் இல்லாத சத்தங்களெல்லாம் இப்படிப்பட்ட திரையரங்கு ஆர்கனில் உண்டு: மணி, இடி, மழை, குதிரைக் குளம்பு. வாசிப்பவரின் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ரிஷ்கா ஒரு நொடி தயங்கினால் இசையும் தயங்கியது. கொள்ளையர் சறுக்கி உருண்டால் அதுவும் கூடவே உருண்டது.

லெப்டினன்டின் பனிவண்டி மலைப்பாதையில் வந்தபோது குளம்புச் சத்தம் கேட்டது. டக்-டக், டக்-டக். அப்பா என் கையைப் பிடித்தார். “ஓட்டம் இல்லம்மா இது. ஏத்தத்துல இழுக்குற நடை.” திரையில் வண்டி மேடேறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு காலத்தில் குதிரைகள் நின்ற மண்டபத்தில், குதிரையே இல்லாமல் அந்தச் சத்தம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கொரு காரணம் இருக்கிறது. இன்னோர் ஊரில், இன்னோர் அரங்கில், பழைய குதிரைப் பந்தயக் காட்சிகள் கொண்ட மௌனப்படத் தொகுப்பு ஒன்றைப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். அந்தக் காலப் படங்கள் பலவும் கேமராவைக் கையால் சுழற்றி, நொடிக்குப் பதினாறிலிருந்து இருபது படச்சட்டம் வரை எடுக்கப்பட்டவை. அதை அப்படியே இருபத்து நான்கில் ஓட்டினால் குதிரைகள் பொம்மைபோல வெட்டி வெட்டி ஓடும், மனிதர்கள் கோமாளிகளாவார்கள். அன்று அதுதான் நடந்தது. கூடவே சம்பந்தமில்லாத பியானோ ஒலிப்பதிவு வேறு. சுற்றியிருந்தவர்கள் குதிரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பாய்ந்து ஓடும் குதிரையை அசைத்துக்காட்ட வேண்டுமென்று 1880களிலேயே ஓட்டோமார் அன்ஷுட்ஸ் என்ற ஜெர்மானியர் வரிசை வரிசையாகப் புகைப்படம் எடுத்து, அவற்றைச் சுழற்றிக்காட்ட ஒரு மின்கருவியும் செய்தார். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த ஓட்டத்தை அவசரத்தில் கெடுக்கக் கூடாது. பாட்ஸ்டாமில் அன்று வேகம் சரியாக இருந்தது. போலா நேக்ரி மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது.

மேலே நிரந்தரக் காட்சியும் இருக்கிறது, பக்கத்து பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவின் கதை. 1912 பிப்ரவரியில் டென்மார்க் நடிகை அஸ்டா நீல்சனை வைத்து அங்கே முதல் படப்பிடிப்பு தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறது. எங்களுக்கு நேரம் போதவில்லை. நீங்கள் மதியமே போய்விடுங்கள். மௌனப்படம் என்றைக்கு, ஆர்கன் உண்டா என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். ஆர்கன் இல்லாத நாளாக இருந்தால் இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

வெளியே வந்ததும் அப்பா கூரைக் குதிரைகளை எண்ண ஆரம்பித்தார். ஒன்றைக் காட்டி, “அந்தக் காதப் பாரு, பின்னால மடிஞ்சிருக்கு. கடிக்கப் போகுது, அவன் இன்னும் தள்ளி நிக்கணும்” என்றார். ரயில் போய்விட்டது. அடுத்ததற்காக இருட்டில் நின்றபோது, தாத்தாவின் குதிரைக்கு என்ன பெயர் என்று முதல்முறையாகக் கேட்டேன். ராஜாத்தி என்றார்.