வொண்டர்லாவுக்குக் காதர்பேட்டைத் துணி: பையில் எது தேறியது

கொச்சி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவின் ராட்டினங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது நாங்கள் கொண்டுபோன பையைப் பற்றி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்கினாலும் முன்னால் இருப்பவர் சட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்றுதான் கண் போகும். அதனால் துணிப் புராணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்த இடம் இது. எங்கள் கம்பெனியில் மூத்தவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிதான் போட வேண்டும். காட்டன், சேலை, வேட்டி ஆகாது. வாசலில் ஓர் அக்கா, “லெக்கின்ஸ் லைக்ராதானே, ஏன் விடமாட்டீங்க?” என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். லேபிளைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாம் தினமும் போடும் லெக்கின்ஸில் பெரும்பாலும் 95% காட்டன், நீண்டு சுருங்கும் செயற்கை இழையான லைக்ரா வெறும் 5%தான். சும்மா காற்றில் கிடக்கும்போதே காட்டன் தன் எடையில் 8.5% ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4%தான். குளத்தில் இறங்கினால் கேட்கவே வேண்டாம், துணி கனத்து உடம்போடு ஒட்டி இழுக்கும். உதிரும் பஞ்சு போய் ஃபில்டரை அடைக்கும். விதியில் தப்பே இல்லை என்று ஒரு பனியன்காரியாகச் சொல்கிறேன்.

உள்ளேயே உடை விற்கிறார்கள். இருந்தாலும் எங்கள் திருப்பூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் காதர்பேட்டைத் துணிக்கடைகளை விட்டுவிட்டு அங்கே போய் வாங்க எனக்கு மனசு வருமா? எக்ஸ்போர்ட் மிச்சம் வந்த டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் எல்லோருக்கும் எடுத்தேன். டி-ஷர்ட் ஒன்று 130 ரூபாய். கடைக்காரர் “சுத்த பாலியஸ்டர்ங்க” என்று சத்தியமே செய்தாலும், ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டுக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி நுனியில் கெட்டியான கருப்பு மணியாக நிற்கும். சூட்டோடு தொட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது தையல். சட்டையை உள்பக்கம் திருப்பி விரலால் தடவுங்கள். ஓவர்லாக் தையல் மேடு தட்டும். நாள் முழுக்க ஈரத்தில் அக்குளிலும் தொடையிலும் உரசினால் சாயங்காலம் எரிச்சல் தாங்காது. பிளாட்லாக் தையல் துணியோடு துணியாகப் படுத்திருக்கும், அதைத் தேடி எடுங்கள். மெட்டல் ஜிப், ரிவெட் வைத்தது வேண்டாம். வெள்ளை வேண்டவே வேண்டாம், நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். குழந்தைகளுக்கு நீலமும் கூடாது. அலைக்குளத்தில் நூறு தலைக்கு நடுவே நீலச் சட்டைப் பிள்ளையைத் தேடினால் தெரியும் கஷ்டம். எங்கள் பையன் நியான் ஆரஞ்சு, பாப்பா கிளிப்பச்சை. எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் பட்டார்கள்.

அத்தைக்கும் ஒரு செட் எடுத்தேன். “எனக்கெதுக்கு அம்மிணி இந்த டவுசரு, நா கரையில உக்காந்துக்கறேன்” என்றவர்தான் மதியத்துக்கு மேல் அலைக்குளத்தை விட்டு ஏற மாட்டேன் என்றார்.

போன் போடும் தண்ணீர் புகாத உறைதான் பையிலேயே மோசமான சாமான். ஆன்லைனில் வாங்கியது, மேலே ஐபிஎக்ஸ்8, அதாவது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போனை வைக்காமல், டிஷ்யூ பேப்பரை மடித்து உள்ளே போட்டு, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தேன். காலையில் பேப்பர் சொதசொதவென்று இருந்தது. பெயர் வேண்டாம், திருப்பி அனுப்பியாயிற்று. அடுத்து வாங்கியது தேறியது, அதுவும் படம் எடுக்க மட்டும். ஈரக் கையால் திரையைத் தடவினால் வேலை செய்யாது.

நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான் கொடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு போனேன். மெட்டி, கொலுசு, மோதிரம் எதுவும் இல்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பின்கயிறு கட்டாயம். டர்க்கி டவல் வேண்டாம், ஈரமானால் ஒன்றே பை முழுக்க அடைத்துக்கொள்ளும். ஈரோட்டு ஈரிழைத் துண்டு ஆளுக்கு ஒன்று போதும், நிழலில் போட்டாலே காய்ந்துவிடுகிறது. ஈரத்துணிக்குக் கம்பெனியில் பெட்டிக்குள் போடும் பெரிய பாலிபேக் நாலு கொண்டுபோனேன். எங்களுக்கு ஓசி, உங்களுக்கு மளிகைக் கடைப் பெரிய கவர் போதும். லாக்கர் வாடகைக்குக் கிடைக்கிறது. குடும்பத்துக்கே ஒன்று எடுத்து, மாற்றுத் துணி, பணம், அத்தையின் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் அதில் வைத்தோம்.

சாப்பாடு விஷயத்தில் ஏமாறாதீர்கள். வெளி உணவு உள்ளே போகாது, குடிதண்ணீர் உள்ளேயே உண்டு. விடிவதற்குள் கிளம்பி, கட்டிய புளிசாதத்தைப் பாலக்காடு தாண்டி ஒரு மரத்தடியில் முடித்தோம். தயிர்சாதம் கட்டாதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் புளித்துப் பொங்கிவிடும். கடலை மிட்டாய், முறுக்கு, வாழைப்பழம் காரிலேயே இருக்கட்டும். சாயங்காலம் வெளியே வந்ததும் பிள்ளைகள் அதன்மேல்தான் பாய்வார்கள்.

ஒரு செலவுக் கணக்கு. டிக்கெட் வயதுக்கு இல்லை, உயரத்துக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். வீட்டுச் சுவரில் டேப் வைத்து அளந்துவிட்டு புக் பண்ணுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் அலசிப் போடுங்கள். குளோரின் லைக்ராவைத் தின்னும், கலப்புத் துணி சீக்கிரமே தொளதொளத்துவிடும். முழுப் பாலியஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. பிள்ளைகளுக்கு இடுப்பில் நாடா வைத்த பேண்ட்டாக ஓர் அளவு கூட எடுத்தால் அடுத்த லீவுக்கும் ஆகும்.