சேலமா, ஏற்காடா: எங்கே போரடிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வருபவர்கள் "இங்கேயே இருந்துவிடலாம்" என்பார்கள். செவ்வாய்க்கிழமை ஏரிப் பக்கம் ஆளிருக்காது. இருட்டியதும் கடைத்தெரு அடங்கிவிடும். பெரிய கடை, சினிமா என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். வந்துபோகிறவர்களுக்கு அமைந்த ஊரில் குடியிருப்பவருக்குச் சலிப்பு சீக்கிரம் வரும்.

சேலத்தைச் சப்பென்ற ஊர் என்பவர்கள் பெரும்பாலும் இங்கே பஸ் மாறிப் போனவர்கள்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் இது. இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். சரி, சாயங்காலம் தள்ளுவண்டி முன் நின்று பாருங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், கடித்ததும் நொறுங்கும். பக்கத்தில் நிற்பவர் தானாகப் பேச்சுக் கொடுப்பார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊரே தெருவில் இருக்கும்.

குடியிருக்க எனக்குச் சேலம்தான். கோடை மழைக்குப் பின் காப்பி பூக்கும் நாட்களில் மட்டும் மலையேறுவேன்.