ஹோட்டல் வேலை: 3 வருடமா, ஒன்றரை வருடமா?

சென்னை தரமணி மத்திய கேட்டரிங் கல்லூரியில் தர்மபுரிப் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. 3 வருட பி.எஸ்சி.க்கு பிளஸ் டூ வேண்டும். அடுப்படியோடு வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங், கணக்குவழக்கு எல்லாம் சொல்லித் தருவார்கள், பெங்களூரு பெரிய ஹோட்டலில் மேனேஜர் நாற்காலிதான் குறி என்றால் இதுதான் சரி.

ஒன்றரை வருடப் படிப்புக்குப் பத்தாம் வகுப்பு போதும், முழுக்கச் சமையல்தான். ஒகேனக்கல்லில் அம்மாவோடு மீன் வறுத்து, எண்ணெய் காய்ந்த பதத்தை வாசனையிலேயே சொல்கிற பையனை எதற்கு 3 வருடம் உட்கார வைக்க வேண்டும்? கத்தி பிடிப்பதும் பேக்கரியும் பழகினால் ஓசூரிலேயே வேலை பார்க்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். என்ன, மேலே ஏறக் கொஞ்சம் காலமாகும்.

அப்புறம், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் தரமணியில் படிக்கத் தமிழக அரசின் தாட்கோ கழகம் செலவை ஏற்கும் திட்டம் உண்டு, முதலில் அதை விசாரியுங்கள்.