பிராக் முழுநாள் நடைச் சுற்றுலா: பழைய நகரம் நிறைவு, மறுகரை அவசரம்

பிராக் நகரின் பழைய நகரச் சதுக்கத்தில் வண்ணக் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஆள் சேர்க்கும் நடைச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் பல, கட்டணம் இல்லை, முடிவில் விரும்பியதைக் கொடுத்தால் போதும் என்று அழைப்பவை. நான் தேர்ந்தெடுத்தது முன்பணம் செலுத்திப் பதிவு செய்யும் முழுநாள் நடை. காலையில் சதுக்கத்தில் தொடங்கி, வல்தாவா ஆற்றைக் கடந்து, மாலையில் கோட்டையில் முடிகிறது. கொடுத்த பணத்துக்கு முற்பகல் முழுமையாகத் தகும். பிற்பகலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

பழைய நகர மன்றத்தின் வானியல் கடிகாரத்தை அவர்கள் காட்டிய விதத்துக்காகவே இந்தச் சேவையைப் பாராட்டலாம். மணியடிக்கும் நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தாமல், வழிகாட்டி அதற்கு வெகுமுன்பே அழைத்துச் சென்று, கடிகார முகப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கடிகாரத்தின் வெளிவளையம், சூரியன் மறையும் பொழுதிலிருந்து 24 மணிகளை எண்ணும் பழைய செக் முறையைக் காட்டுகிறது. மறையும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அந்த வளையமே முன்னும் பின்னும் நகர்கிறது. பாதி கறுப்பும் பாதி வெள்ளியுமான சிறிய உருண்டை ஒன்று தன்னைத்தானே சுற்றி வளர்பிறையையும் தேய்பிறையையும் காட்டுகிறது. சூரியன் நிற்கும் ராசியையும் பார்க்கலாம். ஆனால் அது மேற்கத்திய ராசிக் கணக்கு என்பதால், நம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 24 பாகை தள்ளியிருக்கும். இவ்வளவும் புரிந்த பிறகு, எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, பன்னிரு சீடர்கள் சன்னலில் வந்து போகும் அந்தக் குறுகிய காட்சி ஏமாற்றமாகத் தோன்றாது. இதைச் செய்த ஹனுஷ் என்பவரின் கண்களை நகரத்தார் குருடாக்கினர் என்ற கதையையும் வழிகாட்டி சொன்னார். அது கதைதான் என்றும், கடிகாரத்தை உருவாக்கியவர் கடான் ஊர் மிக்குலாஷ் என்றும் உடனே சேர்த்துச் சொன்னார். கதையையே வரலாறாக விற்றுவிடும் வழிகாட்டிகள் நடுவே இந்த நேர்மை அபூர்வம்.

அதே கட்டடத்தின் அருகே, தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளை நின்று நிதானமாகப் பார்க்கவும் நேரம் கொடுத்தார். ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராக எழுந்து, பிராக் அருகே நடந்த வெள்ளை மலைப் போரில் தோற்ற கிளர்ச்சித் தலைவர்களுக்கு 1621 ஜூன் 21 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட இடம் அது. சுற்றிலும் ஆட்கள் அவற்றை மிதித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குறை பாலத்தில் தொடங்குகிறது. 516 மீட்டர் நீளமும் 30 சிலைத் தொகுதிகளும் கொண்ட சார்லஸ் பாலத்துக்கு நண்பகலில் அழைத்துச் செல்வதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. படம் வரைபவர்கள், இசைக்கலைஞர்கள், கைப்பிடிச் சுவரோரம் நெருக்கியடிக்கும் கூட்டம் என்று இரைச்சல் மிகுந்த அந்த நேரத்தில், மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் இதற்கு அடிக்கல் நாட்டியதையும், அதற்கு முன்பிருந்த யூதித் பாலத்தை 1342 வெள்ளம் கொண்டுபோனதையும் வழிகாட்டி தொண்டை கிழியக் கத்திச் சொன்னது முன்வரிசையினர் காதில் மட்டுமே விழுந்தது. சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள், மூலச் சிலைகள் அருங்காட்சியகத்திலும் விஷெஹ்ராட் என்ற பழைய கோட்டையிலும் பாதுகாக்கப்படுகின்றன என்ற அடிப்படைச் செய்தி சொல்லப்படவே இல்லை. பழைய நகர முனைக்கருகே ஆற்றங்கரைச் சுவரில் பதிந்துள்ள தாடிக்காரன் முகத்தையும் தவறவிட்டார்கள். தண்ணீர் அந்தத் தாடியைத் தொட்டால் கரையோரத்தவர் வெளியேறத் தொடங்குவார்களாம். ஆற்றுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் கல் அங்கே வேறில்லை.

அதன்பின் எல்லாம் ஓட்டம்தான். வீடுகளுக்கு எண்கள் வருமுன் அடையாளமாக வைத்த சின்னங்கள் நிறைந்த நெருடோவா தெருவின் ஏற்றத்தில், மூச்சு வாங்கும் முதியவர்களுக்காகக்கூட நிற்கவில்லை. கோட்டை வாசலை அடைந்த பிறகுதான், உள்ளே உள்ள கட்டடங்களுக்கான நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்காது என்று தெரிவித்தார்கள். பதிவு செய்யும்போதே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை வரிசையிலும் நேரம் கரைந்தது. 1344இல் தொடங்கி 1929இல்தான் நிறைவுற்ற புனித விட்டஸ் பேராலயத்தை வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

எனவே இந்த நிறுவனத்தில் பழைய நகரத்துக்கான அரைநாள் நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுகரைக்கு வேறொரு காலையை ஒதுக்கி, பொழுது விடியும்போதே பாலத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு 22ஆம் எண் டிராமில் கோட்டை நிறுத்தம் வரை ஏறிப்போய், கோட்டையைப் பார்த்து முடித்து நெருடோவா வழியாக இறங்கினால் ஏற்றத்தின் சிரமம் இருக்காது. அத்தெருவின் கற்கள் மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம்.