கொடைக்கானலில் நிலாப் படம்: ஒற்றை ஷாட்டா, வீடியோவா?

தொலைநோக்கியோடு இணைத்த டிஎஸ்எல்ஆரில் நிலாவுக்கு ஒரே ஷாட் போதுமா, வீடியோ எடுத்து ஸ்டாக் செய்ய (பல ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க) வேண்டுமா என்பதற்கு, படம் எதனால் கெடுகிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

கேமரா திரையில் லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் ஒரு பள்ளத்தை அரை நிமிடம் விடாமல் பாருங்கள். விளிம்பு நெளிந்து, நொடிப்பொழுது பளிச்சென்று தெளிந்து, மறுபடி குழைந்தால் காற்றுக் கொதிப்பு, அதாவது சூடும் குளிருமான காற்று கலந்து ஒளியை அலைக்கழிப்பது. நெளியாமல் ஒரே சீராக மங்கியிருந்தால் ஃபோகஸ் அல்லது கொலிமேஷன் (தொலைநோக்கிக் கண்ணாடிகளின் நேர்வரிசை) பிசகியிருக்கிறது. கறுப்பு நிழல் சாம்பலாகி நிலாவைச் சுற்றி வெளிச்சம் பரவினால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது, இல்லையேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறுகிறது.

கொதிப்புக்கு வீடியோவேதான். 2 நிமிடத்தில் கிடைக்கும் சில ஆயிரம் ஃப்ரேம்களில் காற்று அடங்கிய நொடிகளும் இருக்கும். ஆட்டோஸ்டாக்கெர்ட் மென்பொருளில் சிறந்த 10 முதல் 15 சதவீதத்தை மட்டும் ஸ்டாக் செய்து, ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் வசதியில் கூர்மையாக்கலாம். பள்ளங்களின் விளிம்பில் வெள்ளைக்கோடு தெரிந்தால் கூர்மை மிஞ்சிவிட்டது. கொதிப்பு கடுமையான இரவில் பார்லோவை (உருவத்தைப் பெரிதாக்கும் கூடுதல் லென்ஸ்) கழற்றிவிடுங்கள். கேமராவின் பிக்சல் 3.75 மைக்ரான் என்றால், அமைதியான காற்றில் எஃப்/19 (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) வரை போகலாம், சுமாரான காற்றில் எஃப்/11 போதும்.

எல்லாக் கொதிப்பும் வானத்திலிருந்து வருவதில்லை. ஜனவரியில் கதகதப்பான அறையிலிருந்து தொலைநோக்கியைக் குளிரில் வைத்ததும் குழாய்க்குள்ளேயே சூடான காற்று சுழலும். 6 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி) குளிர முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். அதற்கு முன் எடுத்தால் இரண்டு முறையுமே வீண். தகரக் கூரை, சிமென்ட் தளத்துக்கு மேலாகக் குறிவைப்பதும் அப்படியே. அவசரமும் இல்லை: இந்த அட்சரேகையில் உச்சி கடக்கும்போது நிலா ஏறக்குறைய 50 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. அந்த நேரத்துக்குக் காத்திருந்தால் ஊடுருவ வேண்டிய காற்றும் குறையும்.

மேகம் சட்டென்று விலகி மூடும் இரவில் ஒற்றை ஷாட்டே கைகொடுக்கும். முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/100 நொடியில் தொடங்குங்கள். அரை நிலாவுக்கு இரண்டு, மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒளியை இரட்டிப்பாக்கும்) கூட்டுங்கள். மிரர் லாக்கும் (கேமராவின் உள்கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்துவது) 2 நொடி டைமரும் கட்டாயம். அந்தக் கண்ணாடி அடிக்கும் அதிர்வில் மங்கிய படத்தைப் பார்த்துப் பலர் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். முழு வட்டமும் வேண்டுமென்றால் 20, 30 ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படம்) எடுத்து ஸ்டாக் செய்யுங்கள். பாதி உழைப்பில் வீடியோவுக்கு நெருங்கிய தெளிவு கிடைக்கும். முதலில் பழக நல்ல வழி இதுவே.

பனி படிந்த லென்ஸை மட்டும் எந்த முறையிலும் துடைக்காதீர்கள், கோட்டிங்கில் கீறல் விழும். விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் அட்டைக் குழல் சுற்றி, முன்விளிம்பில் ஹீட்டர் பட்டையை மிதமாக வையுங்கள். அதிகம் வைத்தால் அந்தச் சூடே புதுக் கொதிப்பு.