ரேடியோ கார்டன்: தெரியாத இசைக்குள் நுழைய நல்ல வாசல், ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும்

ஸ்பாட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்ததிலிருந்து கொழும்பில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது நாம் ஏற்கெனவே கேட்டதை வைத்தே அடுத்ததை நீட்டும். முன்பின் தெரியாத இசைவகை ஒன்றைத் தேடுபவருக்கு அது போதாது. அந்த இடத்தில்தான் ரேடியோ கார்டன் உதவுகிறது. 2016இல் நெதர்லாந்தில் தொடங்கிய சேவை இது. திரையில் பூமி உருண்டை. அதில் பச்சைப் புள்ளியாக ஊர்கள். புள்ளியை நடு வட்டத்துக்குள் கொண்டுவந்தால் அந்த ஊர் வானொலி நேரடியாக ஒலிக்கும். இணையத்தளத்தில் கேட்கக் கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம். செயலியில் விளம்பரம் வரும்.

சும்மா உருட்டிப் பார்ப்பவர்கள் பத்து நிமிடத்தில் சலித்துவிடுவார்கள். தலைநகரங்களின் பெரிய எஃப்எம் நிலையங்கள் பலவற்றில் உலகம் முழுக்க ஓடும் அதே ஆங்கில ஹிட்தான் போகும். சிறிய ஊர்கள், பல்கலைக்கழக வானொலிகள், சமூக வானொலிகள் பக்கம் போங்கள். தேடல் பெட்டியில் நாட்டின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரைப் போடுங்கள்.

அடுத்தது கடிகாரம். காலையில் பெரும்பாலான ஊர் வானொலிகள் செய்தியும் பேச்சுமாகத்தான் இருக்கும். அந்த ஊரின் மாலையைப் பிடிக்க வேண்டும். ஜகார்த்தா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 7 என்றால் அங்கே 8.30. அடிஸ் அபாபா இரண்டரை மணி நேரம் பின்னால், ஆகவே இரவு 10.30க்குத் திறந்தால் சரி. பிரேசிலின் ரெசிஃபே எட்டரை மணி நேரம் பின்னால். ஞாயிறு காலை 6.30க்குத் தேநீரோடு உட்கார்ந்தால் அங்கே சனி இரவு 10 மணி. அந்தப் பகுதியின் ஆட்ட இசையான ஃபொர்ரோ கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்பதைச் செயலி சொல்லாது. நம் காதுக்குப் பழகிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவதே நல்லது. இந்தோனேசியாவின் ஜனரஞ்சக இசையான டங்டுட் முதல் படி: தபேலா போன்ற மத்தள அடி, பழைய ஹிந்திப் படப்பாட்டின் சாயல், உடனே ஒட்டிக்கொள்ளும். கர்நாடக இசை தெரிந்தவர்கள் எத்தியோப்பியாவுக்குப் போகலாம். அங்கே திஸிதா என்னும் இசைமுறையின் பெரிய வடிவம் நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். சுரம் ஒன்றாக இருந்தும் குரலின் வளைவும் தாளத்தின் இழுப்பும் வேறாக இருப்பது சில பாட்டுக்குள்ளேயே பிடிபடும்.

போர்த்துக்கேயர் வழியில் வந்த பைலா கேட்டு வளர்ந்த கொழும்புக் காதுக்கு என் முதல் சிபாரிசு மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வெர்டே. அதுவும் போர்த்துக்கேயர் ஆண்ட தீவுகள்தான். அங்குள்ள ஃபுனனா இசையில் அக்கோடியன் ஓடிக்கொண்டே இருக்க, பக்கத்தில் ஒருவர் இரும்புக் கம்பியைத் தோளில் சாய்த்துக் கத்தியால் தேய்ப்பார். அந்தக் கரகரப்புத்தான் தாளம். முதலில் காதை உறுத்தும், மூன்றாம் பாட்டில் கால் ஆடத் தொடங்கும். தலைநகர் பிராயா நமக்கு ஆறரை மணி நேரம் பின்னால்.

பெரிய குறை, பாட்டின் பெயர் வராது. பின்னால் ஓட்டிக் கேட்கவும் வழியில்லை. அதனால் ஒலிக்கும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலியைத் தயாராக வைத்திருங்கள். ஹெட்போனில் கேட்டாலும் அதே போனில் ஓடும் ஒலியை அது பிடிக்கும். பாட்டு தொடங்கியதும் அழுத்தாதீர்கள், அறிவிப்பாளர் மேலே பேசிக்கொண்டிருப்பார். பல்லவி வரட்டும். நேரடி மேடைப் பாட்டு பெரும்பாலும் சிக்காது, ஏனெனில் ஷஸாம் குறிப்பிட்ட ஒலிப்பதிவோடுதான் ஒப்பிடும், மெட்டோடு அல்ல. சிக்காவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நிலையத்தின் தளத்தில் ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியல் இருக்கிறதா பாருங்கள்.

சில புள்ளிகள் ஊமையாகக் கிடக்கும். ரேடியோ கார்டன் ஒலிபரப்புவதில்லை, நிலையத்தின் இணைய ஒலி ஓடைக்கு (ஸ்ட்ரீம்) நம்மை இணைத்துவிடுவது மட்டும்தான். அங்கே சேர்வர் படுத்தால் இங்கேயும் மௌனம். ஒலித்தரமும் நிலையம் கொடுப்பதுதான். 128 கேபிபிஎஸ் ஓடை மணிக்குச் சுமார் 58 எம்பி டேட்டா குடிக்கும், 64 என்றால் பாதி. இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கினால் எட்டு மணி நேரத்தில் 460 எம்பி போய்விடும். போன் டேட்டாவில் கேட்பவர்கள் கவனம்.

பாட்டின் பெயர் கிடைத்தபின், கலைஞர்களும் லேபிள்களும் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடுங்கள். அங்கே இசைவகை வாரியாகவும் ஊர் வாரியாகவும் பார்க்கலாம், பெரும்பாலான அல்பங்களை வாங்குமுன் முழுதாகக் கேட்கலாம், வாங்கினால் ஒலித்தரம் குறையாத எஃப்எல்ஏசி கோப்பாகவும் இறக்கலாம். ஒரு கலைஞர் பிடித்துப்போனால் அவரை வெளியிட்ட லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) பக்கத்தைத் திறந்து மற்றவர்களையும் கேளுங்கள். சிறிய லேபிள்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தின் இசையையே வெளியிடுகின்றன. விலை பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும் என்பதால், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.